ஷவ்கி படுக்கை

‘இருக்கலாம்’ என்ற சொல்லைக் கண்டால் பேராசிரியர் ஷவ்கி தமன்ஹூரியின் பச்சைப் பேனா தானாகத் திறந்துகொள்ளும். மாணவர்களின் கட்டுரைகளில் அந்தச் சொல்லை அடித்து அடித்துத் தாளே கிழிந்துவிடும். “இருக்கலாம்னு எழுதுறவன் வீட்டுலயே இருக்கலாம். ஆராய்ச்சிக்கு எதுக்கு வர்றான்?” என்பார்.

அலெக்சாந்திரியாவின் குழந்தை மருத்துவர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். கருத்தரங்குகளில் முன்வரிசை ஓர நாற்காலி அவருடையது. யார் பேசி முடித்தாலும் முதலில் எழுந்துவிடுவார். “கேள்வி இல்ல, ஒரு சின்னத் திருத்தம்.” அந்தத் திருத்தத்தில் பேசியவரின் பாதி ஆராய்ச்சி சரிந்துவிடும். ஆனால் வார்டுக்குள் நுழைந்தால் ஆள் வேறு. ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் சூடாக்காமல் எந்தக் குழந்தையின் நெஞ்சிலும் வைக்கமாட்டார்.

மூட்டுவலியாக வந்து இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும் காய்ச்சலுக்கு, மாதக்கணக்கில் அசையாமல் படுக்கவைப்பதே மருந்து என்று இளம்வயதில் நிறுவியவர் அவர். நாடு முழுக்க அதற்கு ‘ஷவ்கி படுக்கை’ என்றே பெயர். தம் மகள் நெர்மினுக்கு அதே காய்ச்சல் வந்தபோது, அவளையும் இலையுதிர்காலத்திலிருந்து கோடை வரை கிடத்தினார். தெருவில் பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் கேட்கும். “ஒரே ஒரு தடவ, ஜன்னல் வரைக்கும்பா” என்று கெஞ்சுவாள். அவர் சம்மதித்ததில்லை.

அவருடைய செல்ல மாணவி இல்ஹாம், பல ஊர் மருத்துவமனைகளில் ஏராளமான குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தாள். படுத்த குழந்தைக்கும் நடந்த குழந்தைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கருத்தரங்கில் சொல்வதற்கு முன் அவரிடமே சொல்லிவிட வீட்டுக்கு வந்தாள்.

“உங்க வார்டுல படுக்க வெச்ச அதே வருஷந்தான் சார், மாசாமாசம் பென்சிலின் ஊசியும் ஆரம்பிச்சீங்க. ஊசி செஞ்ச வேலைய நாம படுக்கை பேர்ல எழுதிட்டோம்.”

“நான் கண்ணால பாத்தேன்மா.”

“இத்தன வருஷமா நானும் உங்க கண்ணாலதான் சார் பாத்தேன்.”

அவர் சிரித்தார். “கணக்கையெல்லாம் குடுத்துட்டுப் போ. எங்க தப்புன்னு நான் காட்டுறேன்.” ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு தேடினார். உணவு மேசையில் வைத்த அவரைக்காய்க் கூட்டு தினமும் ஆறிப்போயிற்று.

கருத்தரங்கில் இல்ஹாம் பேசி முடித்ததும் வழக்கம்போல எழுந்தார். அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து மின்யா ஊர் மருத்துவர் ஒருவர் கேட்டுவிட்டார்: “அப்ப இப்போ படுக்கையில கெடக்குற புள்ளைங்கள என்ன செய்யறது?” கேள்வி இல்ஹாமுக்கு, பார்வை ஷவ்கியின் மேல். அரங்கமே அவரைத்தான் பார்த்தது.

“இவ கணக்குல ஒரு தப்பாவது கெடைக்கணும்னு தேடினேன். கெடைக்கல.” ஒலிவாங்கியை வாயிலிருந்து சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டார். “எழுப்பி விடுங்க.”

பிற்பகல் விருந்துக்கு அவர் நிற்கவில்லை. நேரே கடலோர சீதி பிஷ்ர் பகுதியில் இருக்கும் நெர்மின் வீட்டுக்குப் போனார். நாற்பது தாண்டிய மகள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்ப அந்த வருஷம் நான் சும்மாதான் கெடந்தேனா?”

“ஆமா.”

அவள் குழாயை மூடினாள். “சரி விடுங்க. தெரியாமத்தான செஞ்சீங்க?”

“தெரியும்னு நெனச்சுச் செஞ்சேம்மா. அதான்.”

நெர்மின் கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்” என்றாள். கடற்கரைச் சாலையில் காற்று பலமாக இருந்தது. சிறிது தூரம் அவருடைய நடைக்கு ஈடாக வந்தவள், திடீரென்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கடலோரக் கைப்பிடிச்சுவர் மேல் ஏறி நடக்கத் தொடங்கினாள். கீழே அலை பாறையில் மோதிக்கொண்டிருந்தது. ஷவ்கியின் கை அவளைப் பிடிக்க உயர்ந்தது. பாதியில் நின்றது. பிறகு அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டு, அவளுக்குப் பக்கத்திலேயே நடந்தார்.