ஸ்டெயின்தோர் நீந்தக் கற்ற வருடம்

ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் நாற்பது வருடம் மீன் பிடித்த ஸ்டெயின்தோருக்கு நீந்தத் தெரியாது. அவர் தலைமுறையில் எங்கள் ஊரில் பலருக்கும் தெரியாது. அவருடைய தம்பி இளம் வயதிலேயே, கரைக்குப் பக்கத்தில் படகு கவிழ்ந்து இறந்தார். கரையில் நின்ற ஸ்டெயின்தோரால் பார்க்கத்தான் முடிந்தது.

கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு, தினமும் காலையில், பூமிச்சூட்டால் குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக இருக்கும் ஊர் நீச்சல் குளத்துக்கு வருவார். ஓரத்திலிருக்கும் வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து எங்களோடு அரட்டை அடிப்பார். குளத்தில் இறங்கியதே இல்லை. அறுபத்தாறு வயதில், பனி கொட்டிய ஒரு பிப்ரவரிக் காலையில், குளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆஸ்டிஸிடம் போய், "எனக்கு நீச்சல் சொல்லிக் குடு" என்றார்.

"இத்தனை வருஷம் கடல்ல இருந்துட்டு இப்பத்தான் தோணுச்சா?"

"நான் எங்க கடல்ல இருந்தேன்? படகுலதானே இருந்தேன்."

முதல் வாரம் முகத்தைத் தண்ணீரில் வைக்கவே பயந்தார். "ஆஸ்டிஸ், வலை போட்டுப் பிடி, மீன் தப்பிச்சிடப் போகுது" என்று தொட்டியிலிருந்து கேலி செய்தோம். அவர் கண்டுகொள்ளாமல் மறுநாளும் வந்தார்.

மே மாதம் ஒருநாள், குளத்தின் நீளத்தை நிற்காமல் எட்டு முறை கடந்தார். பிறகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"இன்னைக்கு எதுக்கு இவ்வளவு?" என்று ஆஸ்டிஸ் கேட்டார்.

"தம்பிகிட்ட போறதுக்கு இவ்வளவு தூரம்தான் இருந்துச்சு."

அவர் மேலேறி வந்தபோது, தொட்டியில் நகர்ந்து இடம் கொடுத்தோம்.