அம்மன் கோயில் ஸ்பீக்கரில் உறுமிய கார்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் குப்பத்தில் அன்று அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றும் விழா. நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் அது. பிறந்தது ஏரிக்கு மேற்கே, ஆரம்பாக்கத்தில்.

விழாவைச் சொல்லுமுன் என் சக்களத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் கற்றுக்கொண்டு, அந்தத் தொழிலை வைத்தே ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கம் வேலைக்குப் போனவர். லீவில் வந்து என்னைக் கட்டிக்கொண்டு, லீவு முடிந்ததும் பறந்துவிட்டார். எனக்கு விசா வரும்வரை மாமியார் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. போன கொஞ்ச நாளில் ஒரு ஞாயிறு வீடியோ காலில் வந்தவர், "உன்கிட்ட ஒண்ணு காட்டணும், கோச்சுக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனை எடுத்துப் போனார்.

உள்ளே ஒரு நீலக் கார். மூக்கு திறந்து கிடக்கிறது, உள்ளே இன்ஜின் இல்லை. இன்ஜின் தனியாக ஒரு இரும்பு ஸ்டாண்டில் தொங்குகிறது. மிச்ச சாமான்கள் எல்லாம் பெஞ்சு மேல் துணி விரித்துப் பரப்பிக் கிடக்கின்றன.

"இது பேரு ஃபால்கன். ஆஸ்திரேலியாக்காரங்க அவங்க ஊர்லயே செஞ்ச வண்டி. இப்ப அங்க கார் செய்யறதையே நிறுத்திட்டாங்க. ஆறு சிலிண்டர், டர்போ. இருவது வருஷ வண்டிதான். ஆனா பிரிச்சுக் கட்டி, பெரிய டர்போ போட்டா எப்டி போவும் தெரியுமா!"

ஃபால்கன் என்றால் வல்லூறு என்று எனக்குத் தெரியும். "பழவேற்காட்டுல இல்லாத பறவையா? அவ்ளோ தூரம் போயி ரெக்கை ஒடிஞ்ச ஒண்ணைத்தான் புடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வேலை முடிந்தால் கொட்டகை, லீவு என்றால் கொட்டகை. கல்யாணம் ஆன புதுசில் எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்? சில நாள் பேசவே இல்லை.

அப்புறம் ஒரு நாள் மதியம், நான் சமையல்கட்டில் மீன் அரிந்துகொண்டிருந்தபோது அவரே கூப்பிட்டார். இரண்டு கையும் முழங்கை வரை கிரீஸ். "தப்பா நெனைக்காத மே. உனக்கு வண்டியோட மேனுவல் பிடிஎஃப் அனுப்பியிருக்கேன். ஹெட் போல்ட் எந்த வரிசைல, எவ்ளோ டைட் வெக்கணும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன். நான் போனைத் தொட முடியாது."

வேண்டாவெறுப்பாகத்தான் திறந்தேன். நூற்றுக்கணக்கில் பக்கங்கள், எல்லாம் இங்கிலீஷ். பொன்னேரி காலேஜில் படித்தவள் என்பதால் வாசிக்க வந்தது. நடு போல்ட்டில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே வர வேண்டும் என்று போட்டிருந்தது. நான் வாசிக்க வாசிக்க அவர் முடுக்கினார். ஒவ்வொன்று முடிந்ததும் "ஆச்சு" என்பார். அந்த "ஆச்சு"வில் என்னவோ ஒரு சந்தோஷம். கடைசி போல்ட் முடிந்தபோது மீன் அப்படியே கிடந்தது, அத்தை வந்து திட்டினார்.

அன்றிலிருந்து அது பழகிவிட்டது. அரிசி டிரம்மில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நான் வாசிப்பேன், அவர் அங்கே மாட்டுவார். பிஸ்டன், கேஸ்கட், இன்ஜெக்டர், டர்போவுக்கு எண்ணெய் போகும் பைப் என்று, தொட்டே பார்க்காத ஒரு இன்ஜின் எனக்கு மனப்பாடம் ஆனது. நடுநடுவே வீட்டுப் பேச்சு, சிரிப்பு, சண்டை. உண்மையைச் சொன்னால், நாங்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டதே அந்தக் கொட்டகையில்தான்.

எனக்கு இருந்த ஒரே வருத்தம் மாமா. மகன் படகை விட்டுவிட்டு வெளிநாடு போனதில் அவருக்கு மனசு முறிந்துவிட்டது. போன நாளிலிருந்து அவர் மகனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, கல்யாணத்தில் கூட. நான் போனில் பேசும்போது வாசலில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருப்பார். "துன்னானானு கேளு" என்பார் என்னிடம். "நல்லா துன்னேன்னு சொல்லு" என்பார் மகன் அந்தப் பக்கம். நடுவில் நான்.

கூழ் ஊற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் வீட்டுக்காரர் காரை முதன்முதலாக ஸ்டார்ட் செய்வதாக இருந்தார். "நீ இல்லாம சாவியத் திருப்ப மாட்டேன்" என்றார். எனக்கோ கோயிலில் வேலை. சரி, சிக்னலும் கோயில் திடலில்தான் நன்றாகக் கிடைக்கும் என்று போனோடு அங்கேயே நின்றேன். பம்பை மேளம் ஒரு பக்கம், ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு ஒரு பக்கம். அவர் பேசுவது ஒன்றும் காதில் விழவில்லை.

மைக் செட்டுக்காரர் எங்கள் ஊர்க்காரர்தான், பெரிய மீசை வைத்தவர். நான் காதைப் பொத்திக்கொண்டு கத்துவதைப் பார்த்து, "இன்னா தங்கச்சி, கேக்கலியா? குடு, ப்ளூடூத்துல போட்டு வுட்டுர்றேன்" என்று போனை வாங்கி என்னவோ அழுத்தினார். பாட்டு நின்றது. அடுத்த நொடி கூம்பு ஸ்பீக்கர், பெட்டி ஸ்பீக்கர் எல்லாவற்றிலிருந்தும் என் வீட்டுக்காரர் குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

"கண்ணு, இந்தப் புடவைல சூப்பரா கீறே மே!"

திடலே வெடித்துச் சிரித்தது. எனக்கு மணலில் புதைந்துவிடலாம் போல இருந்தது. "ஐயோ, பேசாதீங்க! ஸ்பீக்கர்ல போட்டிருக்கு!" என்று கத்தினேன். அப்புறம் மெதுவாக, "எல்லாருக்கும் வணக்கங்க" என்று வந்தது. மறுபடி சிரிப்பு.

அத்தை போனுக்குக் கிட்ட வந்து, "எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டியாடா?" என்றார். சுற்றிவிட்டேன் என்றார். கூட்டம் முழுக்க என்னைச் சுற்றிக் கூடிவிட்டது. பம்பைக்காரர்கள் கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் சாவியைத் திருப்பினார்.

"டக்."

அவ்வளவுதான். மறுபடி ஒரு "டக்". இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்றவே இல்லை. பேட்டரி டவுன் என்றார் ஒருவர். கண் பட்டிருக்கு என்றார் இன்னொருவர். பேட்டரி புதுசு என்றார் இவர். திரும்பத் திரும்ப அந்த "டக்" மட்டும் ஊருக்கே கேட்டது. கடைசியில் அவர் சொன்னார்: "வேணாம் மே, வுட்டுரு. இன்னிக்கு இல்ல போல. நீ போயி சாமி கும்புடு."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் குரல் கம்மிவிட்டது. அத்தனை பெரிய ஸ்பீக்கரில் அதை மறைக்க முடியுமா? எத்தனையோ நாள் வேலை முடிந்து வந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு அந்தக் கொட்டகையில் நின்றவர் என்று எனக்குத் தெரியும்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமா வந்தார். என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"டேய்."



"...நைனா?"

"டீசல் பைப்புல காத்து பூந்திருக்கும்டா. நட்டை லூஸ் பண்ணி, காத்தை வெளிய வுட்டுட்டு அடி."

மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் படகின் டீசல் இன்ஜின். இதுவோ பெட்ரோல் கார். செல்ஃபே சுற்றாதபோது பைப்பில் காற்று இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எனக்கே தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியாதா? ஆனாலும், "சரி நைனா, பாக்குறேன்" என்றார்.

"துன்னியா?"

"இன்னும் இல்ல நைனா."

"துன்னுட்டு செய். கை பத்திரம்."

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பாவும் மகனும் பேசுவதை அன்று ஊரே சேர்ந்து கேட்டது.

எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் மனசு ஒரு பக்கம் மேனுவல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தது. இன்ஜினைக் காருக்குள் இறக்கி வைத்தோம், ஆச்சு. கியர் பாக்ஸ் போல்ட், ஆச்சு. அடுத்து இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த எர்த் ஒயர்; அது இல்லாவிட்டால் செல்ஃபுக்குக் கரண்ட் சரியாகக் கிடைக்காது. பழைய ஒயர் துருப்பிடித்திருக்கிறது, புதுசு வாங்கி மாட்டுகிறேன் என்றார். அப்புறம் ரேடியேட்டர் ஹோஸுக்குப் போய்விட்டோம். அந்த ஒயருக்கு மட்டும் அவர் "ஆச்சு" சொல்லிக் கேட்ட ஞாபகமே எனக்கு இல்லை.

மாமா தோள் வழியாக எட்டிக் கத்தினேன். "ஏங்க, அந்த எர்த் ஒயரு! புதுசு மாட்டுறேன்னீங்களே, மாட்டிட்டீங்களா?"

டார்ச்சை எடுக்கும் சத்தம். காலடி. அப்புறம் ஸ்பீக்கர் கிழிய ஒரு குரல்: "அடப்பாவி! மாட்டவே இல்லியே!"

ஊர் சிரித்த சிரிப்பு பழவேற்காடு பஜார் வரைக்கும் கேட்டிருக்கும். ஸ்பேனர் விழும் சத்தம், முனகல், மறுபடி ஸ்பேனர். "ஆச்சு" என்றார்.

இந்தத் தடவை செல்ஃப் சுற்றியது. ஒரு இருமல். இன்னொரு இருமல். அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள்! முதலில் ஒரே சீராக ஓர் ஆழமான முழக்கம். பெட்டி ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். அவர் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். உறுமலுக்கு மேலே டர்போ விசிலடித்தது. நாய்கள் ஓடின. காயப்போட்ட கருவாட்டில் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. பம்பைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை, அந்த உறுமலுக்குத் தோதாக அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே அடி ஏற ஏற அங்கே அவரும் மிதிக்கிறார். பொம்பளைகள் எல்லோரும் குலவை போட்டார்கள். நான் ஆடினேன் என்று அத்தை இன்றும் சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை.

சத்தம் அடங்கியதும் மாமா எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். "நான் சொன்னேன் இல்ல, காத்துதான்னு!"

ஸ்பீக்கரில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஆமா நைனா. காத்துதான்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. மாமா வாங்கிக்கொண்டால் தரமாட்டார். வண்டி எவ்வளவு குடிக்கிறது, டர்போ எதற்கு, நம் படகு இன்ஜினுக்கு ஒன்று மாட்ட முடியுமா என்று ஓயாமல் கேள்வி. இவரும் சளைக்காமல் பதில் சொல்வார்.

எனக்கு விசா வந்து, இப்போது பெர்த்தில் அதே கொட்டகையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இவர் லேப்டாப்பைக் காரில் மாட்டி டியூனிங் செய்துகொண்டிருக்கிறார். மாமா வீடியோ காலில், டீசல் ஃபில்டரை மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முன்பெல்லாம் யாராவது கேட்காமல் யோசனை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்த ஆடி ஞாயிற்றுக்குப் பிறகு, எவ்வளவு தப்பான யோசனையாக இருந்தாலும், இவர்கள் நம்மிடம் பேச ஒரு வழி தேடி வந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.