லிஃப்ட் மெக்கானிக் இரண்டாம் முறை படித்த நாவல்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் பயந்து கத்துகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தே அமைதிப்படுத்திவிடுவார். வீட்டுக்கு வந்தால் கதைப் புத்தகம்தான். இடியே விழுந்தாலும் தெரியாது. கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

போன வருஷம் இவருக்கு மனசு சரியில்லாமல் போயிற்று. தூக்கமில்லை, சாப்பாடில்லை. எப்போதோ ஒருநாள் வேலையில் மாட்டிக்கொண்டு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது. அவள் வாட்ச்மேனோடு அரட்டையடித்துக்கொண்டு ஜாலியாகத்தான் நின்றிருந்தாள். இவரோ அதையே நினைத்து நினைத்து, தான் அப்பாவாக இருக்க லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அவள் பக்கத்தில் வந்தாலே நழுவிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்து வந்தார். அதில் ஒரு அப்பா, மகனை மழையில் காக்க வைத்துவிடுவார். மறுநாள் பையனுக்குக் காய்ச்சல். அந்தப் பக்கத்தில் இவர் தேம்பித் தேம்பி அழுதார். "பாவி, என்னை மாதிரியே" என்றார். சரி, துப்பறியும் கதையாவது படிக்கட்டும் என்று ஒன்றைக் கொடுத்தேன். கொலைகாரன் யாரென்றே கவலைப்படவில்லை. காவலுக்கு இருந்தவன் தூங்கிவிட்டானே என்று இரண்டு நாள் புலம்பினார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பயமாகவும் இருந்தது.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை கொடுத்தார், நிறையப் பேசவும் வைத்தார். மெல்ல மெல்லப் பசி வந்தது, வேலைக்கும் கிளம்பினார். மகளிடம் மட்டும் எட்டியே நின்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நூலகத்திலிருந்து மறுபடி எடுத்து வந்த அதே நாவலை விரித்து வைத்துக்கொண்டார். எனக்குத் திக்கென்றது. கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம்.

"ஏய், நூலகத்துல வேற புத்தகத்தை மாத்திக் கொடுத்துட்டாங்க."

"அதே புத்தகம்தாங்க."

"இல்லடி! இந்தப் பையன் பரீட்சைக்குப் பயந்து காய்ச்சல்னு நடிக்கிறான். அப்பனும் தெரிஞ்சே கூடச் சேர்ந்து நடிக்கிறான்!"

வாங்கிப் பார்த்தேன். இவர் அன்று அழுத அதே பக்கத்தில்தான் அது இருந்தது.

"அப்போ என் கண்ணுல படவே இல்லையே" என்றார். அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். "அப்படின்னா அந்த ஆளு மோசமான அப்பன் இல்லையா?"

"இல்லங்க. கொஞ்சம் மறதி, அவ்வளவுதான்."

"நான்?"

"உங்களுக்கு மறதியோட சோம்பேறித்தனமும் உண்டு."

சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "இங்க வாம்மா, அப்பா ஒரு கதை படிச்சுக் காட்டறேன்."

"நாளைக்குப் பரீட்சைப்பா."

"காய்ச்சல்னு சொல்லிக்கலாம், வா."