சகாயமேரி பூட்டிய கேட்

சகாயமேரி ரொம்ப நல்லவள். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

ஹெப்பாளுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், மெயின் ரோட்டு ஓரமாக ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதில் பத்தொன்பது வருடமாக ஆயா வேலை. காலையில் கேட்டைத் திறக்க வேண்டும், ஒழுகும் மூக்கையெல்லாம் துடைத்துவிட வேண்டும், மூன்றேகால் மணிக்கு ஒவ்வொரு பிள்ளையாகக் கைபிடித்து வெளியே அனுப்ப வேண்டும். போன வருடம் ஒரு டெம்போ முன் கேட்டை உரசிக்கொண்டு போயிற்று. மறுநாளே ஹெட்மிஸ்ட்ரஸ் சுசித்ரா மேடத்திடம் போய் நின்று, இந்தக் கேட்டைப் பூட்டிவிட்டுப் பின் சந்து வழியாகவே பிள்ளைகளை விடலாம் என்று சொன்னது இவள்தான். பூட்டுப் போட்டதும் இவள்தான். அன்றிலிருந்து அந்தச் சாவி இவள் கொத்திலே கிடந்தது.

வீட்டுக்காரர் மைக்கேல் ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். கம்பெனி பஸ் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம், ரோட்டு முனையில் இறக்கிவிடும். மனுஷன் குடியை விட்டுப் பதினாறு மாதம் ஆகியிருந்தது. ஜெபமும் மாத்திரையும் பாதிதான். மீதி, வீட்டை இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு வந்ததுதான். இங்கிருந்து குடிக்கப் போக வேண்டுமானால் இரண்டு பஸ் மாறவேண்டும். ஷிப்ட் முடித்து வந்தவருக்கு அந்த அலுப்பே காவல். சோம்பேறித்தனத்தையும் கர்த்தர் சில பேருக்கு வரமாகத்தான் கொடுக்கிறார், என்ன சொல்ல.

அந்தச் சமயத்தில்தான் அவர் இறங்குகிற நிறுத்தத்தை ஒட்டி, மூடிக் கிடந்த கட்டில் மெத்தைக் கடைக்கு ஷட்டர் தூக்கினார்கள். கறுப்புக் கண்ணாடி வந்தது, ஏசி வந்தது. பார் அண்ட் ரெஸ்டாரண்ட்டாம். லைசென்ஸ் மட்டும்தான் பாக்கி என்று தெருவில் பேச்சு.

அன்று சாயங்காலம் மைக்கேல் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே, "பக்கத்துல வந்துட்டா என்னால முடியாது மேரி," என்றார். மிரட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. நாளைக்கு ஷிப்ட் மாறுது என்று சொல்கிற குரல்.

அடுத்த தெரு நஞ்சுண்டசாமி கொள்ளேகால்காரர், தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். சகாயமேரி அவரிடம் ஓடினாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார். வீட்டுக்காரர் திரும்பவும் குடித்துவிடுவார் என்பதெல்லாம் சட்டத்தில் செல்லாது. பள்ளிக்கூடம் நூறு மீட்டருக்குள்ளே இருக்கிறது என்பது செல்லும். கலால் ஆபீசுக்கும், டி.சி. என்கிற கலெக்டர் ஆபீசுக்கும் ஆட்சேபனை மனுக் கொடுக்கலாம், தெருக்காரர் கையெழுத்தும் சேர்த்து. அதிகாரி வந்து டேப் பிடித்து அளந்து பார்ப்பார்.

"அளந்தா உங்க பக்கந்தானுங்க அம்மணி. எழுதிட்டு எங்கிட்ட ஒருக்கா காட்டிப்போட்டுக் குடுங்க," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். நாற்பத்து மூன்று கையெழுத்து தேறியது. மனுவை மகள் ஜெனிஃபர் எழுதினாள். பி.காம். கடைசி வருடம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், கன்னடமென்றால் மளமளவென்று எழுதுவாள். அம்மா தமிழில் சொல்லச் சொல்ல மகள் கன்னடத்தில் போட்டுக்கொண்டே போனாள். எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும்போது சகாயமேரிக்கு மனசு நிறையவில்லை. இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: மெயின் ரோட்டில் ஆபத்து என்பதால் பிள்ளைகள் நலனுக்காக ஒரு வருடமாக முன் கேட்டைப் பூட்டிவிட்டு, பின் சந்து கேட் வழியாகவே விடுகிறோம், அவ்வளவு பொறுப்பாக நடக்கிற பள்ளிக்கூடம்.

இது எதற்கு, சும்மா இரு என்றாள் மகள்.

"நம்ம ஒழுங்கா நடக்கிறவங்கன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமாடி?"

ரேஷன் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் வரிசையில் நின்றே பழகியவளுக்கு அப்படித்தான் தோன்றும். கேட்கிறதை நேராகக் கேட்க வராது. நாங்கள் நல்லவர்கள் ஐயா என்று முதலில் நிரூபித்தாக வேண்டும். ஜெனிஃபர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். நஞ்சுண்டசாமியோ ஒரு கல்யாணத்துக்குக் கொள்ளேகால் போயிருந்தார். கேட்ட லீவ் கிடைத்திருக்கிறதே, வீணாக்குவானேன் என்று காட்டாமலே கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பதினெட்டாம் நாள் அதிகாரி ஒருவர் இரண்டு ஆட்களோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மரியாதையான மனிதர், ஃபைலைத் திறந்து அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். இது நீங்கள் எழுதிக் கொடுத்ததுதானே அம்மா என்று கேட்டார். ஆமாம் சார் என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. போய் முன் கேட்டைப் பார்த்தார். பூட்டு துருவேறி, கேட்டுக்கடியில் முழங்கால் உயரம் புல். பிள்ளைகள் நடந்து போய் வரும் வழியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விளக்கிவிட்டுப் பின் கேட்டிலிருந்து அளக்கச் சொன்னார். சந்து வழியாகச் சுற்றி, முனை திரும்பி, கறுப்புக் கண்ணாடி வரைக்கும் டேப் போயிற்று. நூற்று முப்பத்து நாலு மீட்டர். முன் கேட்டிலிருந்தும் அளந்து பார்த்தார். எழுபத்தொன்று. இரண்டையும் குறித்துக்கொண்டு, அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஜெனிஃபர் படித்தாள். ஆட்சேபனை தள்ளுபடி. காரணம், மனுதாரரே எழுதிக் கொடுத்தபடி பள்ளியின் வழி பின் சந்து. சகாயமேரிக்கு அழுகை வரவில்லை. அரிசிப் பானைக்குள் விரலை விட்டுத் தண்ணீர் அளவு பார்த்தாள், சரியாக இருந்தது, அடுப்பில் வைத்தாள். மகள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவளும் கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மைக்கேல் கேட்டுவிட்டு, சரி என்றார். அவ்வளவுதான்.

திட்டுகிற வேலையை நஞ்சுண்டசாமி பார்த்தார். "ஏனுங்க அம்மணி, கேக்காத கேள்விக்கு எதுக்குங்க பதில் சொல்றீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை என்றார். எல்லாம் அவள் காதில் விழுந்தது, எதுவும் உள்ளே போகவில்லை. கொட்டித் தீர்த்துவிட்டு அவரே ஒரு வழியும் சொன்னார். பெங்களூர் தலைமை ஆபீசுக்கு அப்பீல் போகலாம், வக்கீல் வேண்டும். இல்லாவிட்டால் வருடா வருடம் ஜூன் கடைசியில் எல்லா லைசென்சையும் புதுப்பிக்கும்போது மறுபடி ஆட்சேபனை போடலாம். எடுபடுமா என்பது அவர்கள் கையில். ஆனால் அதற்குள் முன் கேட் புழக்கத்தில் இருந்தாக வேண்டும்.

சுசித்ரா மேடம் ஒப்புக்கொண்டார். தேங்காய் எண்ணெய் விட்டு, கல்லால் தட்டி, சகாயமேரி பூட்டைத் திறந்தாள். புல்லை அவளே வெட்டினாள். பார் திறந்ததும் அதே வாரம்தான். வாசலில் வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்துத் திறந்தார்கள். அதைப் பார்த்தும் அவளுக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டுமே என்று நினைத்துப் பார்த்தாள்.

அதற்கப்புறம் தினமும் மூன்றேகாலுக்கு, எந்த ரோட்டுக்குப் பயந்து கேட்டைப் பூட்டினாளோ அதே ரோட்டில் கையை நீட்டி வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளை அந்தப் பக்கம் சேர்த்தாள். கம்பெனி பஸ் வருவதும் அதே நேரம். மைக்கேல் இறங்குவார், இவள் நிற்பதைப் பார்த்து டிபன் பையைத் தூக்கிக் காட்டுவார். கறுப்புக் கண்ணாடியைத் தாண்டி, தலை குனிந்தபடி வீட்டைப் பார்த்து நடப்பார். இப்படிப் பன்னிரண்டு நாள் போயிற்று. நான் பார்த்துக்கொண்டே நின்றால் போகமாட்டார் என்று ஒரு நம்பிக்கை அவளுக்கு வந்திருந்தது.

பதின்மூன்றாம் நாளும் பஸ் வந்தது. மைக்கேல் இறங்கினார். இவளைப் பார்த்தார். எப்போதும்போல டிபன் பையைத் தூக்கிக் காட்டினார். பிறகு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

பின் சந்திலேயே நின்றிருந்தால் அவளுக்கு இது தெரிந்திருக்காது. கதவு தானாக மூடிக்கொண்டது. சகாயமேரி பார்த்துக்கொண்டே நின்றாள். லைசென்ஸ் புதுப்பிக்க இன்னும் ஏழு மாதம் இருந்தது. கையைப் பிடித்திருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, போகலாமா ஆன்ட்டி என்று இழுத்தது.

"இரு, வண்டி வருது," என்றாள்.