சுறா எப்படிச் செத்தது

என் தங்கை புருஷன் திருநாவுக்கரசு மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளி இந்தப் பினாங்குத் தீவில் தேடினாலும் கிடைக்க மாட்டான். வீட்டைப் பூட்டிவிட்டு லிப்ட் வரைக்கும் போவான், கேஸை மூடினோமா என்று திரும்பி வருவான். பாலத்தில் காடி ஓட்டும்போது வாயைத் திறக்க மாட்டான். நாம் ஏதாவது கேட்டால், "அக்கா, அந்தப் பக்கம் போயிட்டுப் பேசலாம்க்கா" என்பான். நாவுக்கு அரசன் என்று அவன் அப்பா ஆசையாகப் பெயர் வைத்தார்; எங்களுக்கு வெறும் அரசு. அந்த நாவிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வந்து நான் பார்த்ததில்லை.

இவனுக்கு ஆண்டவன் கொடுத்த வேலையைப் பாருங்கள். சினிமாத் தியேட்டர். ஜார்ஜ்டவுனில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் டிக்கெட் பார்ப்பது, டார்ச் அடித்து இடம் காட்டுவது, படம் விட்டதும் சிந்திக் கிடக்கும் பாப்கார்னைக் கூட்டுவது. பேய்ப்படம் ஓடினால் கதவுக்கு வெளியே காதைப் பொத்திக்கொண்டு நிற்பான். எந்தப் படத்துக்கும் முடிவு மட்டும் அவனுக்குத் தெரியும். விளக்குப் போடுமுன் உள்ளே போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும் அல்லவா?

அப்போதுதான் அந்தச் சுறா படம் வந்தது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாலேயே ஒழிந்துபோன ராட்சசச் சுறா ஒன்று கடலுக்கடியிலிருந்து கிளம்பி வந்து கப்பல் கப்பலாக விழுங்குகிறதாம். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. தியேட்டர் வாசலில் ஒரு காடியே உள்ளே போகிற அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு அதன் படம். அரசு தலையைக் குனிந்தபடிதான் அதைத் தாண்டி வேலைக்குப் போவானாம்.

என் தங்கை காமினி அதைப் பார்த்தே தீருவேன் என்று நின்றாள். நிறைமாதம். "புள்ள பொறந்துட்டா ரெண்டு வருஷத்துக்கு நான் தியேட்டர் பக்கம் போக முடியுமா? உங்களுக்குத்தான் சும்மா டிக்கெட்டு கிடைக்குதே" என்று பிடித்த பிடியில் அவன் விழுந்துவிட்டான். கதவுக்குப் பக்கத்து இடமாகப் பார்த்து உட்கார வைத்தானாம். பெரிய புத்திசாலி.

கதாநாயகனின் படகைச் சுறா ஒரே வாயில் விழுங்கியபோது அரங்கமே அலறியிருக்கிறது. காமினியும் அலறினாள். உட்கார்ந்த இடமெல்லாம் ஈரம். கையிலிருந்த மைலோ கொட்டிவிட்டதென்று நினைத்தாளாம். டார்ச் அடித்துப் பார்த்த அரசுவுக்குத்தான் பனிக்குடம் உடைந்துவிட்டது என்று புரிந்திருக்கிறது. உள்ளே சுறா ஓடிக்கொண்டிருக்க, வெளியே இவன் அவளைப் பேரங்காடியின் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். நாள் இருக்கும்போதே, அன்றைக்கே பையன் பிறந்துவிட்டான்.

எங்களுக்கு அம்மா இல்லை. நான்தான் செபராங் ஜெயாவில் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பாலம் தாண்டி, இவர்களுடைய ஆயர் ஈத்தாம் பிளாட்டுக்கு ஓடி வந்தேன். வந்ததும் வராததுமாக அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"அறிவிருக்காலா உனக்கு? வயித்துப் புள்ளக்காரிய எவனாவது சுறா படத்துக்குக் கூட்டிட்டுப் போவானா?"

"தப்புதான்க்கா" என்றான். அதற்குமேல் அவனிடம் சண்டை போடவும் முடியாது.

பையன் தூங்கினான். தூங்கிக்கொண்டே இருந்தான். எழுப்பி மார்பில் போட்டால் வாயைக் கொஞ்சமாகத் திறப்பான், நுனியை இரண்டு தடவை சப்புவான், மறுபடி தூக்கம். காமினிக்குப் பாலும் சரியாக ஊறவில்லை. கண்ணும் தோலும் மஞ்சளித்தன. இங்கே எல்லோரும் கூனிங் என்று சொல்கிற காமாலைதான். பிறந்த குழந்தைகளுக்கு வருவதுதான், போய்விடும் என்றார்கள். ஆனால் இவனுக்கு ஏறிக்கொண்டே போனது. தினமும் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பிள்ளை வீறிடும்போது அரசு சுவரைப் பார்த்து நிற்பான்.

வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ், மிஸ்ஸி ஃபாத்தின், மலாயில் பொறுமையாகச் சொன்னார். பால் நன்றாகக் குடித்தால்தான் மஞ்சள் இறங்கும். இப்போதைக்குக் கிண்ணத்தில் மாவுப்பாலும் கொடுங்கள், ஆனால் மார்பில் போடுவதை விடாதீர்கள். வாயைப் பெரிதாகத் திறக்கும் நேரம் பார்த்துப் போட வேண்டும். நாளைக்கு ரத்தத்தில் இன்னும் ஏறியிருந்தால் ஆஸ்பத்திரியில் விளக்குக்கடியில் படுக்க வைக்க வேண்டியதுதான்.

அவர் போனபிறகு அரசு பிள்ளையை ஜன்னலோரம் தூக்கிப் போய்ப் பார்த்தான், ஹாலுக்குத் தூக்கி வந்து பார்த்தான். "அக்கா, காலையிலவிட மஞ்சளா இருக்கா?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். ஹால் விளக்கு மஞ்சள் என்பதால் பயந்துபோய் அதைக் கழற்றி வெள்ளை விளக்கு மாட்டினான். பிள்ளை மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தான். எனக்கும் பயம்தான். அதைக் காட்டிக்கொள்ளத் தெரியாததால் கத்தினேன்.

"சும்மா குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தாத. பாசாருக்குப் போயி பால் சுறா வாங்கிட்டு வா. புட்டு பண்ணித் தரேன். பால் ஊறும்."

அவன் முகம் வெளுத்தது. "சுறாவாக்கா?"

"ஆமா. பிள்ள பெத்தவளுக்கு வேற என்ன குடுப்பாங்க? பீட்சாவா?"

போனான். மீன்கடை பஷீர் பாய் பிற்பாடு என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முழங்கை நீளம்கூட இல்லாத குட்டிச் சுறாவைத் தூக்கிக் காட்டியதும் இவன் இரண்டடி பின்னால் போனானாம். "தம்பி, இது உங்க தியேட்டர் சுறா இல்லலா. கடிக்காது, பிடிங்க" என்று அவரே துண்டு போட்டு, மூன்று பையில் சுற்றிக் கொடுத்தாராம்.

அவிந்த சுறாவை நான் தோலுரித்து உதிர்த்துக்கொண்டிருந்தபோது காமினி அடுப்படிக்கு வந்தாள். ஓரமாகக் கிடந்த வாலைப் பார்த்ததும் ஓங்கரித்துக்கொண்டு ஓடினாள்.

"என்னால முடியாதுக்கா. கண்ண மூடினா அந்த வாய்தான் வருது. அதப் பாத்துத்தான் என் புள்ள பயந்து வெளிய வந்தான். அதனாலதான் வாயே தொறக்க மாட்டேங்கிறான். இப்ப அதையே தின்னச் சொல்றீங்களா?"

"படம்டி அது! கம்ப்யூட்டர்ல செஞ்சது!"

"தெரியும்க்கா! தெரிஞ்சும் பயமா இருக்கு, நான் என்ன செய்ய?" என்று அவள் அழ ஆரம்பித்தாள். நான்கு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை. அழுதால் இன்னும் பால் வற்றிப்போகும் என்று எனக்குப் பயம். கையெல்லாம் மஞ்சளோடு நின்றேன். வாயில் வந்ததெல்லாம் திட்டுத்தான்.

அரசு பிள்ளையோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ பாதியில வந்துட்டம்மா" என்றான்.

"என்ன?"

"படகத் தின்னதோட நீ வெளிய வந்துட்ட. அதுக்கப்புறம் பாக்கல. அதான் உனக்கு அது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. முடிவுல அது செத்துரும்."

காமினி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எப்படி?"

என்னால் நம்பவே முடியவில்லை, அவன் பேச ஆரம்பித்தான். எழுந்து நின்று பேசினான். ஒரு கையில் பிள்ளை, மற்றொரு கை சுறா. படகுக்குள்ளிருந்த கதாநாயகன் பல்லுக்கிடையில் தொங்குகிறான், தப்பிக்கிறான், நங்கூரச் சங்கிலியை அதன் தொண்டையில் மாட்டுகிறான். சோபா கப்பலானது, துடைப்பம் ஈட்டியானது. நான் அடுப்படியில் பூண்டையும் மிளகையும் தாளித்துக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தேன். உதிர்த்த சுறாவைப் போட்டுக் கிளறி, நல்லெண்ணெய் விட்டுச் சுடச்சுடக் கொண்டுவந்து காமினி மடியில் வைத்தேன்.

"கடைசியில கரையேறி மாட்டிக்கிச்சு. ஊரு சனமெல்லாம் கத்தியோட வந்துட்டாங்க. வெட்டி வெட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, ஒரு வாரம் ஊரு பூரா சுறா புட்டு!"

"வெள்ளக்காரன் படத்துல புட்டா?" காமினி சிரித்துவிட்டாள். உடனே அவள் முகம் மாறியது. "நெசமாவே செத்துருச்சா? இல்ல, என்னயச் சமாதானப்படுத்தச் சும்மா சொல்றீங்களா?"

அவன் பிள்ளையின் தலைமேல் கை வைக்கப் போய், சட்டென்று எடுத்துக்கொண்டான்.

"புட்டுதான் சும்மா சொன்னேன். தண்ணீர்மலை முருகன் மேல சத்தியமா அது செத்துருச்சும்மா. நான் தினம் பாக்குறேன்ல?"

அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய். "ஊருக்கே ஆட்டங்காட்டின உன்னயத்தான் திங்கிறேன் பாரு" என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள். அரசுவுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தத் தெம்பு, செத்த சுறா மாதிரி வாயைப் பிளந்து, "ஆஆ" என்று ஒரு கத்துக் கத்தினான்.

கையிலிருந்த பிள்ளை திடுக்கிட்டு விழித்தது. முகம் சுருங்கி, பிறந்ததிலிருந்து நாங்கள் பார்க்காத அளவுக்கு வாயை அகலமாகத் திறந்து வீறிட்டது. உள்நாக்கு வரைக்கும் தெரிந்தது.

"போடு! இப்பப் போடு! மிஸ்ஸி சொன்னாங்கள்ல!" என்று நான் கத்தினேன். தட்டைப் பிடுங்கினேன், பிள்ளையை அவள் மார்பில் அழுத்தினேன். அழுகை பாதியில் நின்றது. பிறகு மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. காமினி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அரசு அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

மறுநாள் கிளினிக்கில் கூனிங் இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாளும் இறங்கியது. விளக்குக்கடியில் வைக்க வேண்டிய தேவை வரவில்லை. புட்டா, மாவுப்பாலா, அந்த அலறலா, எது செய்த வேலை என்று நான் மிஸ்ஸியிடம் கேட்கவில்லை.

காமினிக்குப் பத்தியம் முடியும் சமயம், அந்தப் படத்தைத் தியேட்டரிலிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆபீஸ் தோழிகளோடு நானும் போய்ப் பார்த்தேன். அரசுவிடம் சொல்லவில்லை. கடைசிக் காட்சியில் எல்லோரும் கரையில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். கடலுக்கடியில் கும்மிருட்டு. அந்த இருட்டில் மெதுவாக ஒரு கண் திறக்கிறது. சுறா சாகவில்லை. ஒரு கீறல்கூட இல்லாமல் வாலைத் திருப்பிக்கொண்டு போகிறது. அரங்கமே கத்தியது.

விளக்கு வந்தது. கதவோரம் டார்ச்சோடு நின்ற அரசு என்னைப் பார்த்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை. சாமி பேரில் செய்த சத்தியம். கேஸ் மூடியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறவன், இத்தனை நாளாக இதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினானோ.

கூட்டம் போகும்வரை நின்று, கிட்ட வந்தான்.

"அக்கா... தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்குறதா வேண்டிக்கிட்டேன்க்கா. சாமி மன்னிச்சுடும்லக்கா? புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுலக்கா?"

"எதுக்கு மன்னிக்கணும்?" என்றேன். "அது செத்துருச்சு தம்பி. நானே இப்பத்தான் கண்ணால பாத்துட்டு வரேன்."