கன்னி மூலைத் தூண்

காங்கிரீட் லாரியின் முதுகில் அந்தப் பெரிய உருளை சுற்றும் சத்தம் எங்கே கேட்டாலும் என் கண்முன் உயர்ந்த கை ஒன்று வந்துவிடும். பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு குறுகலான தெரு. கீழே கார் நிறுத்தும் இடம், மேலே இரண்டு மாடி என்று நான் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கூரைத் தளம் போடும் நாள். பூசணிக்காய் உடைத்தாயிற்று. பம்புக் குழாயை மேலேவரை இழுத்தாயிற்று. 'பேக ஹேளி மேடம்' என்று பம்ப் ஆபரேட்டர் கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். ஆரம்பிக்கலாம் என்று மேடம் தலையாட்டினால் போதும். அவர் தலையாட்டவில்லை. கையைத் தூக்கி, "நிறுத்துங்க" என்றார்.

மேடம் என்றால் அந்த வீட்டின் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். எந்தத் தூண் எவ்வளவு பருமன், எந்த பீமில் எவ்வளவு கம்பி என்று கணக்குப் போட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவர். ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணா என்பார். ஆனாலும் சைட்டில் எங்கள் எல்லோருக்கும் அவர் மேடம்தான். வேறு இன்ஜினீயர்கள் ஆபீசில் உட்கார்ந்தபடியே போட்டோ அனுப்பச் சொல்வார்கள். இவர் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு கம்பிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடப்பார். கம்பி கட்டும் ராய்ச்சூர் ஆட்களோடு கன்னடத்தில் வம்பளந்துகொண்டே ஒவ்வொரு முடிச்சையும் அசைத்துப் பார்ப்பார். பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு அப்போதுதான் சொந்த ஆபீஸ் தொடங்கியிருந்தார். அவர் கையெழுத்தில் எழும்பிய முதல் கட்டடம் இது. ஓனருக்கு ஆஸ்டின் டவுனில் ஹார்டுவேர் கடை. அவருடைய தம்பிகள் மூன்று பேரும் மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். "இது நல்லபடியா முடியட்டும்மா, அதையெல்லாம் நீயே பாத்துக்க" என்று ஓனர் சொல்லியிருந்தார். அந்த மூன்று வீடுகளும் வந்தால் மேடத்தின் ஆபீஸ் காலூன்றிவிடும். வராவிட்டால் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கோளாறு ஒரு வாஸ்துக்காரர் ரூபத்தில் வந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஈசானி மூலையில் இருக்கக் கூடாது, கன்னி மூலைக்கு மாற்றுங்கள் என்று, தூண்களெல்லாம் எழும்பி நின்ற பிறகு அவர் வந்து சொன்னார். பெங்களூரில் வீடு கட்டுகிற எவனுக்கும் இது புதிதில்லை. சமையலறை இடம் மாறும், படிக்கட்டு திசை மாறும், நாங்களும் முனகிக்கொண்டே மாற்றிக் கொடுப்போம். மேடமும் மாற்றிக் கொடுத்தார். தொட்டி வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு வந்தது. அதைத் தாங்கும் பீம்களுக்குக் கம்பி கூட்டினார். ஆனால் பீமுக்கு வரும் பாரம் தூண் வழியாகத்தானே பூமிக்கு இறங்க வேண்டும்? அந்த மூலைத் தூணை மறுபடி கணக்குப் பார்க்க விட்டுப்போயிற்று. ஆர்க்கிடெக்ட் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. தளம் போடும் அன்று கடைசியாக ஒரு சுற்று வந்த மேடம், தொட்டி உட்காரப்போகிற மூலையில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

பட்டுச் சட்டையும் சந்தனமுமாக ஓனர் மேலே ஏறி வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். "சார், இந்த மூலைத் தூண் டேங்க் வெயிட்டுக்குப் பத்தாது. மாத்தும்போது நான் பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது. தூணைப் பெருசு பண்ணாம இன்னிக்கு காங்கிரீட் போட வேணாம்." இவ்வளவுதான் சொன்னார். ஒரு சொல்கூட விழுங்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்தேன். காதோரமாகப் போய், "மேடம், டேங்க் கட்ட இன்னும் நாள் இருக்கு. இன்னிக்கு போட்டுடலாம், அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்" என்றேன். "போட்டுட்டா புதுக் கம்பிய பீமுக்குள்ள எப்படிண்ணா ஏத்துவீங்க?" என்று கேட்டார். மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓனர் கத்திய கத்தலில் தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்தன. படித்த படிப்பு, பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை, நல்ல நாளில் அபசகுனம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மேடம் தலைகுனியாமல் நின்று கேட்டார். இதற்கிடையில் லாரியில் இருந்த காங்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காதே! வீடு வீடாக ஓடினேன். தெருமுனை மாரியம்மன் கோயில் முற்றத்துக்குக் கொஞ்சம், பக்கத்து வீட்டு வாசலுக்குக் கொஞ்சம், சாக்கடையோரம் இடிந்து கிடந்த நடைபாதைக்கு மிச்சம் என்று கொட்டித் தீர்த்தோம். தளம் போடும் நாளில் ஓனர் வீட்டுச் சாப்பாடு போடுவது வழக்கம். கோபத்தில் அவர் கடைக்குப் போய்விட்டார். அவர் மனைவிதான், "ஆக்கி வச்சது வீணாகக் கூடாதுப்பா, உக்காருங்க" என்று பிரியாணியைப் பரிமாறினார். மேடம் ஜல்லிக் குவியலின்மேல் உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டார்.

இரண்டொரு நாளில் ஓனர் வேறொரு இன்ஜினீயரைக் காரில் அழைத்து வந்தார். நரைத்த தலை, தொழிலில் பெரிய பெயர். அவர் வரைபடத்தைப் புரட்டினார், தூணைத் தட்டிப் பார்த்தார், "இதெல்லாம் நிக்கும். நாம கணக்குல எப்பவும் கொஞ்சம் கூடத்தானே வைக்கிறோம்" என்றார். ஓனர் முகத்தில் வெற்றிக் களை. "கேட்டியாம்மா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்" என்றார். மேடம் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. வரைபடத்தை அந்தப் பெரியவர் முன்னால் விரித்து, "ரொம்ப சந்தோஷம் சார். அப்ப நீங்களே இதுல கையெழுத்துப் போட்டுடுங்க. நான் விலகிக்கறேன்" என்று மரியாதையாகத் தன் பேனாவை நீட்டினார். பெரியவர் பேனாவைப் பார்த்தார். "அதுக்கு முழுசா கணக்குப் போட்டுப் பாக்கணும்மா" என்றார். ஓனர் பலகாலம் வியாபாரம் செய்தவர். எதிரே நிற்பவர் எதற்குத் தயங்குகிறார் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "என்ன பண்ணணுமோ பண்ணித் தொலைங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடித்தளத்தைத் தோண்டி அகலப்படுத்தினோம். தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, கீழிருந்து மேல்வரை பருக்க வைத்தோம். ஒவ்வொரு நாளும் மேடம் வந்து நின்றார். சிமென்ட் தூசியில் இருமிக்கொண்டே ஒரு நாள் அவரிடம் கேட்டேன், பெரியவர் சொன்ன மாதிரி அது நின்றாலும் நின்றிருக்குமே என்று. "நின்னிருக்கலாம்ணா. ஆனா அந்த டேங்க் தினமும் காலைல ரொம்பும்ல? தினமும் காலைல எனக்கு வயித்தக் கலக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இந்தத் தொழிலில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்துவிட்டேன். தன் தப்பை யாரும் கண்டுபிடிக்காதபோது, தானே ஊரைக் கூட்டிச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

அதற்காக அவருக்கு யாரும் மாலை போடவில்லை. தம்பிகளின் மூன்று வீடுகளும் அந்தப் பெரியவருக்குப் போயின. கட்டியது நான்தான், பிழைப்பு அப்படி. மேடம் முன்னறை மேசையை மடக்கிவிட்டு மறுபடி கம்பெனி வேலைக்குப் போனார். மறுபடி ஆபீஸ் திறக்க அவருக்குப் பல வருஷம் பிடித்தது. இப்போதும் சின்ன ஆபீஸ்தான்.

போன மாதம் ஓனர் போன் செய்தார். மகளுக்கு வீடு கட்ட வேண்டுமாம், நீயே கட்டு என்றார். இன்ஜினீயருக்கு அந்தப் பெரியவரின் மகனைச் சொல்லலாமா என்று கேட்டேன். "அவங்க வேணாம்" என்றார். கொஞ்சம் தயங்கி, "அந்தப் பொண்ணு இன்னும் இந்தத் தொழில்லதான் இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். உடனே பழைய கோபம் தலைதூக்கிவிட்டது. "அந்தத் தூண்ல இன்னிக்கும் என் கார் கண்ணாடி இடிக்குதுய்யா. எந்நாளும் அவளத் திட்டிக்கிட்டுதான் வண்டிய எடுக்கறேன்." பிறகு குரல் தணிந்தது. "ஆனா இது என் பொண்ணு, புள்ளைங்களோட படுத்துத் தூங்கப்போற வீடு. அவகிட்டயே கேளு."

அந்தக் கணமே மேடத்துக்கு போன் போட்டு, ஓனர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, பிறகு அவர் பேசினார்.

"பண்றேன்ணா. வாஸ்துக்காரர மட்டும் மொதல்லயே கூட்டிட்டு வந்துடச் சொல்லுங்க."