நைரோபியில் போன் வாடகை என்ன?

ஆப்பிரிக்காவில் டெலிபோன் வாடகை எவ்வளவு என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? போன சனிக்கிழமை வரை எனக்கும் தெரியாது. இப்போது தெரியும்... அந்த வியப்பிலிருந்து இன்னும் மீளவில்லை.

காசிம் பாய் தாராவியில் தோல் பெட்டி செய்து விற்பவர். கடையநல்லூர்க்காரர். கென்யாவில் நைரோபி, இல்லாவிட்டால் ஜாம்பியாவில் லுஸாக்கா — இரண்டில் ஓர் ஊரில் கடை போட்டு, மச்சினன் நாசரை அங்கே உட்கார வைப்பதென்று தீர்மானித்திருந்தார். மனைவியின் நகையெல்லாம் அதற்காகப் போய்விட்டது. எந்த ஊர் என்பதுதான் பாக்கி.

வேறொருவர் என்றால் கடை வாடகையை விசாரிப்பார். வரியை விசாரிப்பார். காசிம் பாய் விசாரித்தது போனை!

காரணம் உண்டு. அவருடைய லெட்டர்ஹெட்டில் ஒரு நம்பர் இருக்கும், பக்கத்திலேயே 'பி.பி.' என்று இரண்டு எழுத்து. அதாவது, போன் அவருடையதல்ல — எதிர்த்த மருந்துக்கடையில் இருக்கிறது, கேட்டால் கூப்பிட்டுவிடுவார்கள். சொந்தப் போனுக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார். பம்பாயில் எத்தனையோ பேருடைய வியாபாரம் இந்த இரண்டு எழுத்தில்தான் ஓடுகிறது. போன வருஷம் ஒரு வெளிநாட்டுக்காரர் அதற்கு அர்த்தம் கேட்டார். காசிம் பாய் விளக்கினார். அந்த ஆள் லெட்டர்ஹெட்டை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு கடையில் பெட்டி வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டார்.

ஆகவே இரண்டு ஊரிலும் உள்ள குஜராத்தி வியாபாரிகளுக்கு நான்தான் இங்கிலீஷில் கடிதம் டைப் அடித்துக் கொடுத்தேன். மூன்றே கேள்வி. கடைக்குப் போன் வாடகை என்ன? டெபாசிட் என்ன? எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும்?

பதில்கள் வந்துவிட்டன. போன சனிக்கிழமை காசிம் பாய் மச்சினனையும் கூட்டிக்கொண்டு மாதுங்காவுக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஸார், திங்கக்கெழம கப்பல் டிக்கெட் எடுக்கணும். கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

நைரோபிக்காரர் ஷில்லிங்கில் எழுதியிருந்தார், லுஸாக்காக்காரர் பவுண்டில். என் மகளின் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து எல்லாவற்றையும் ரூபாயாக்கினேன். நைரோபியில் வாடகை கூடுதல், டெபாசிட் குறைவு. லுஸாக்காவில் நேர்மாறு. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் லுஸாக்கா கொஞ்சம் மலிவு.

"அப்ப லுஸாக்காதான்!" என்றார் காசிம் பாய்.

"இருங்கள், மூன்றாவது கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது."

லுஸாக்காக்காரர் எழுதியிருந்தார்: 'ஒரு மாதம் ஆயிற்று. கறுப்பா, தந்த நிறமா என்று கேட்டார்கள். நான் யோசித்ததில் நாலு நாள் போய்விட்டது.'

"கலர் கேக்கானா ஸார்? நெசமாவா?"

நைரோபிக்காரர் இன்னும் ஒரு படி மேலே: 'வருஷம் என்று நீங்கள் எழுதியது டைப்பிங் தவறு என நினைக்கிறேன். வாரம் என்றால், இரண்டு.'

எனக்கு உடம்பு புல்லரித்தது. காசிம் பாய் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத மனிதர், அந்தக் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்படியும் ஒரு ஊர் பூமியில் இருக்கிறதா?

"ரெண்டே வாரம்! காசு கூடப் போனாப் போவட்டும். நைரோபி, பக்கா!"

அதுவரை காபி குடித்துக்கொண்டிருந்த நாசர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மச்சான், அங்கன போன் வந்துரும். செரி. பெரிய ஆர்டர் ஒண்ணு வருது, சரக்கு இருக்கான்னு ஒங்கள்ட்ட ஒடனே கேக்கணும். நான் எந்த நம்பருக்குப் போடட்டும்?"

காசிம் பாய் மெதுவாக உட்கார்ந்தார்.

இரண்டு நாட்டுக் கணக்கைப் பைசா சுத்தமாகப் போட்ட நாங்கள், மூன்றாவது நாட்டைச் சேர்த்துக்கொள்ள மறந்தே போயிருந்தோம்!